குட்டி ஜப்பானும் ஒரு பிடி அரிசியும்!

உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு தீப்பெட்டி கட்டாயம் இருக்கும். கேஸ் லைட்டர் வந்த பிறகும், சாமி விளக்கு ஏற்றுவதற்காவது ஒன்று இருக்கும். அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். அப்படியே தலையைத் தூக்கிச் சுவரைப் பாருங்கள். தினமும் கிழிக்கிற காலண்டர், பெரும்பாலும் சிவகாசி அச்சு. பீரோவில் இருக்கும் கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், தாளிக்கிற நல்லெண்ணெய், போன தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்த கம்பி மத்தாப்பு... எல்லாவற்றுக்கும் பூர்விகம் தேடினால், மதுரைக்குத் தெற்கே ஒரு வறண்ட மாவட்டத்தில் போய் நிற்கும்.

விருதுநகர் மாவட்டம். பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-ல் பிரிக்கப்பட்டது. அப்போது வைத்த பெயர் காமராஜர் மாவட்டம். 1997-ல்தான் விருதுநகர் மாவட்டம் என்று ஆனது.

இந்தப் பூமியில் என்ன இருக்கிறது? வற்றாத நதி இல்லை. வைப்பாறு என்று ஒன்று இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மணலாகத்தான் ஓடுகிறது. நிலக்கரி இல்லை, இரும்பு இல்லை, துறைமுகம் இல்லை. கரிசல் மண், மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊருக்கு, 'குட்டி ஜப்பான்' என்று நேரு பெயர் வைத்ததாக சிவகாசிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

எப்படி நடந்தது இது?

எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 'மழை இல்லை, வெயில் இருக்கிறது. தீக்குச்சி சீக்கிரம் காயும். வெடிமருந்து நமத்துப் போகாது. அதனால் அங்கே தொழில் வந்தது.'

பதில் சரிதான், ஆனால் பாதிதான் சரி. வெயில் ராமநாதபுரத்தில் இல்லையா? அனந்தப்பூரில் இல்லையா? ராஜஸ்தானில் இல்லாத வெயிலா? அங்கெல்லாம் ஏன் ஒரு சிவகாசி முளைக்கவில்லை? வெயில் குச்சியைக் காயவைக்கும். முதல் போடாது, கடன் கொடுக்காது, கல்கத்தாவுக்கு ரயில் ஏறிப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வராது. அதற்கு மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்களைப் பார்ப்போம்.

*

19-ம் நூற்றாண்டின் தொடக்கம். திருநெல்வேலியின் தேரிக்காட்டுப் பக்கமிருந்து வியாபாரிகள் மாட்டு வண்டியில் வடக்கே வருகிறார்கள். வண்டியில் கருப்பட்டி, உப்பு, கருவாடு. திரும்பிப் போகும்போது பருத்தி, தானியம். வழியெல்லாம் திருட்டு பயம். ராத்திரி எங்கே தங்குவது? மாட்டை எங்கே அவிழ்ப்பது?

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் 'பேட்டை'. சுற்றுச்சுவர் கட்டி, உள்ளே கிணறு, வண்டி நிறுத்த இடம், சரக்கு இறக்க இடம். காவலுக்கு ஆள். இந்தச் செலவுக்குப் பணம்? விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். அதுதான் 'மகமை'.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால், மகமை லேசுப்பட்ட விஷயம் அல்ல. அரசாங்கம் போடாத வரி அது. தானாக விரும்பிக் கொடுத்தது, ஆனால் கொடுக்காமல் தப்பிக்க முடியாதது. அந்தப் பணத்தில் முதலில் பேட்டை, பிறகு கோயில், கிணறு, பிறகு பள்ளிக்கூடம்.

சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி - இந்த ஆறு ஊர்களில் நாடார் வியாபாரிகள் இப்படித்தான் வேரூன்றினார்கள். விருதுபட்டி எது என்கிறீர்களா? இன்றைய விருதுநகர்தான். 1923-ல்தான் 'பட்டி' போய் 'நகர்' வந்தது.

1876-ல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை விருதுபட்டி வழியாகப் போனது. மாட்டு வண்டி வியாபாரி ரயில் வேகன் வியாபாரி ஆனார். 1889-ல் அந்த ஊரில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி தொடங்கியது. அதை நடத்த என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து, விற்று, பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். பிடி அரிசித் திட்டம்! பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த ஒரு பையனை நமக்கெல்லாம் தெரியும். அவரிடம் பிறகு வருவோம்.

*

கையில் காசு வந்துவிட்டது. மரியாதை வந்ததா?

இல்லை. அன்றைய சாதிக் கட்டுப்பாட்டில், நாடார்களுக்குப் பல கோயில்களின் உள்ளே அனுமதி கிடையாது. சிவகாசியில் வியாபாரம் அவர்கள் கையில், ஜனத்தொகையில் பெரும்பகுதி அவர்கள். ஆனால், ஊர்க் கோயிலான விஸ்வநாத சுவாமி கோயிலுக்குள் போகக் கூடாது. அவர்கள் உரிமை கேட்டார்கள். பகை வளர்ந்தது. 1899 ஜூன் 6 அன்று, பல ஊர்களிலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினார்கள். உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. 'சிவகாசிக் கலவரம்' என்று சரித்திரத்தில் பதிவான சம்பவம் இது. கோர்ட் வழியும் அடைபட்டிருந்தது. கமுதி கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது.

இதற்கு அவர்கள் கொடுத்த பதில் என்ன? 1910-ல் நாடார் மகாஜன சங்கம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி - இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்ற பெயரில் இருப்பது அதுதான். 1962-ல் பெயர் மாறியது. சங்கம், வங்கி, பள்ளிக்கூடம். மூன்றுக்கும் அடியில் அதே மகமைப் புத்தி: ஆளுக்குக் கொஞ்சம், எல்லோருக்கும் பொதுவாக.

1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் ஐந்து பேர் நுழைந்த சம்பவம் பலருக்கும் தெரியும். அவர்களோடு ஆறாவதாக நுழைந்தவர் விருதுநகரைச் சேர்ந்த ஒரு நாடார். 1899-க்கும் 1939-க்கும் நடுவே சரியாக நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷத்துக்குள்தான் நம் கதையின் முக்கியமான ரயில் பயணம் வருகிறது.

*

1922. சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் - உறவுக்காரர்கள் - கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள!

அதுவரை இந்தியாவின் தீப்பெட்டி பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. கல்கத்தாவில் சுதேசி இயக்கத்தின் சூட்டில் சிறு சிறு தீப்பெட்டித் தொழிற்சாலைகள் முளைத்திருந்தன. நம் ஆட்கள் அங்கே பல மாதம் தங்கி, மருந்து கலப்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து மெஷின் தருவித்து, 1923-ல் தொழில் தொடங்கினார்கள்.

மெஷின் சரிப்பட்டு வரவில்லை. 'மெஷினை விடு. நம் ஊரில் கைகளுக்கா பஞ்சம்?' என்று கைவேலைக்கு மாறினார்கள். அதுதான் திருப்புமுனை. மெஷின் என்றால் பெரிய முதல் வேண்டும். கைவேலை என்றால், கொஞ்சம் மருந்து, கொஞ்சம் மரக்குச்சி, ஒரு கொட்டகை போதும். ஒருவர் செய்வதைப் பார்த்துப் பத்துப் பேர், பத்துப் பேரைப் பார்த்து நூறு பேர்! 1926-ல் இருவரும் தனித்தனியாகத் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருடையது அணில் மார்க். இன்னொருவருடையது காக்கா மார்க். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம்.

அதிர்ஷ்டமும் துணைக்கு வந்தது. 1922-ல் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு - அதாவது 144 பெட்டிக்கு - ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. அது உள்ளூர்க்காரர்களுக்கு நல்ல குடையானது.

ஆனால், குடைக்குள்ளேயே ஒரு யானை புகுந்தது. ஸ்வீடன்காரர் ஐவர் க்ரூகர். உலகத்தின் 'தீப்பெட்டி ராஜா'. பல நாட்டு அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்ட பலே ஆள். 'வெளியிலிருந்து வந்தால்தானே வரி? உள்ளேயே செய்கிறேன்' என்று அவருடைய நிறுவனம் 1923-ல் இந்தியாவில் 'விம்கோ'வைத் தொடங்கியது. பம்பாய் பக்கம், கல்கத்தா, பரேலி, சென்னை என்று ராட்சத ஆலைகள்.

யானைக்கும் எறும்புக்கும் போட்டி. யார் ஜெயித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

1932-ல் க்ரூகர் பாரிஸில் துப்பாக்கியால் சுட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய கணக்குகளில் பாதி பொய் என்று பிறகு உலகம் கண்டுபிடித்தது. விம்கோ அதற்குப் பிறகும் பல காலம் தாக்குப்பிடித்தது; 2005-ல் ஐ.டி.சி. கைக்குப் போனது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி எறும்புகளோ பெருகிக்கொண்டே போயின. சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தொழில் தீப்பெட்டிக்குக் குறைந்த கலால் வரி, மெஷின் தீப்பெட்டிக்கு அதிக வரி என்று அரசு வைத்த வித்தியாசமும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

*

தீப்பெட்டியிலிருந்து கிளைவிட்டதுதான் மற்றதெல்லாம்.

தீக்குச்சி மருந்தில் கொஞ்சம் மாற்றம் செய்தால் கலர் மத்தாப்பு. மத்தாப்பு தெரிந்தவருக்குப் பட்டாசு எவ்வளவு தூரம்? அதுவரை சீனாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்த பட்டாசு, இரண்டாம் உலகப் போரில் நின்றுபோனது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. லைசென்ஸ் வாங்கி, இடம் விட்டு, அறை அறையாகக் கட்டித்தான் பட்டாசு செய்ய வேண்டும் என்று ஆனது. சிவகாசி அதற்குத் தயாராக இருந்தது. ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் 1942-ல் பிறந்தது. அடுத்தடுத்து நிறைய.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதை வெளியூரில் அடித்துக் கட்டுப்படியாகுமா? லித்தோ அச்சுக்கூடம் வந்தது. லேபிள் அடிக்க வந்த மெஷின் மிச்ச நேரத்தில் சும்மா இருக்கலாமா? காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை! பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு என்ற ஓவியர் இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டவர். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் ஏறி, இந்தியாவின் வீட்டுச் சுவர்களுக்குப் போனார்கள். நாம் கண்ணை மூடிக் கும்பிடும்போது மனசில் தெரிகிற சாமி முகத்தில், சிவகாசி மை கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள். பட்டாசுக்கு தீபாவளி சீஸன். காலண்டருக்கு வருஷக் கடைசி சீஸன். தீப்பெட்டிக்கு வருஷம் முழுக்க வேலை. ஒன்று தூங்கினால் இன்னொன்று விழித்திருக்கும். காகிதம், அட்டை, லாரி, லோடுமேன், ஏஜென்ட் எல்லாம் மூன்றுக்கும் பொது.

இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் விருதுநகரின் கதை வேறு மாதிரி. அங்கே ஆலையைவிட கிட்டங்கி முக்கியம். மிளகாய் வத்தல், மல்லி, உளுந்து, பருப்பு, எண்ணெய், ஏலக்காய். பலதும் அந்த ஊரில் விளைவதில்லை. உளுந்து பர்மாவிலிருந்துகூட வரும். ஆனால், விலையை விருதுநகர் சொல்லும்! 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பேப்பரில் வருகிற அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துத்தான் தென்மாவட்ட மளிகைக் கடைக்காரர் கடை திறப்பார். எண்ணெய் வியாபாரத்தில் ஊறிய ஊர் என்பதாலோ என்னவோ, அங்கே பரோட்டாவைக்கூட எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிறார்கள்.

*

இப்போது அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்துப் பையன்.

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா இறந்துபோனார். கொஞ்ச நாளில் படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். காமராஜர்!

படிப்பு பாதியில் நின்ற அந்தப் பையன் 1954-ல் முதலமைச்சர் ஆனார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். பசியோடு வருகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக எடுத்து வைத்த பிடி அரிசியை, ஒரு மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்குமாக விரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

விருதுநகர் யாரையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கும் ஊர் அல்ல. 1956-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டாரே, அவர் உண்ணாவிரதம் இருந்தது விருதுநகரில்தான். அப்போது முதல்வர், அதே ஊர்க்காரரான காமராஜர்! 1967 தேர்தலில் அதே காமராஜரை, 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கவும் வைத்தது அந்த ஊர்.

இதுவரை சொன்னதெல்லாம் பெருமைக் கதை. இங்கே நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், சரித்திரம் அப்படிப் பாதியில் நிற்காதே.

*

அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பார்கள். 'எங்கம்மா போற?' என்றால், 'தீப்பெட்டியாபீஸுக்கு' என்றோ 'வெடியாபீஸுக்கு' என்றோ பதில் வரும். அந்த ஆபீஸுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆபீஸ் நடத்தியவர்களின் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. சுற்றுக் கிராமங்களின் மழை பொய்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். நிலமே இல்லாத கூலி வீட்டுப் பிள்ளைகள்.

பிள்ளைகள் என்று நான் சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சின்னப் பிள்ளைகள்.

விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கையில் தூக்குச்சட்டியோடு அம்மா ஏற்றிவிடுவாள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது - இதற்கெல்லாம் பிஞ்சு விரல்தான் லாயக்கு என்று ஒரு பேச்சு. பீஸ் ரேட் கூலி. எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குக் காசு. 1980-களில் இப்படி வேலை பார்த்த பிள்ளைகள் சுமார் 45,000 பேர் என்று ஒரு கணக்கு பத்திரிகைகளில் அடிபட்டது. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று 1990-ல் ஓர் ஆவணப்படமே வந்தது. மைரன் வீனர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் பற்றி 1991-ல் எழுதிய புத்தகத்தில் சிவகாசிக்குத் தனி இடம் கொடுத்தார். வறுமையால்தான் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள் என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. கட்டாயக் கல்வியை அரசு கொண்டுவராததுதான் காரணம் என்றார்.

எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு பிடி அரிசியில் பள்ளிக்கூடம் நடத்திக் காட்டிய பூமி அது. மதிய உணவு தந்த மனிதர் பிறந்த மாவட்டம் அது. அங்கேதான் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஹாரன் அடித்தது!

எம்.சி.மேத்தா என்ற வக்கீல் சிவகாசிக் குழந்தைகளுக்காகவே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது கோர்ட். கோர்ட், கலெக்டர்கள், தொண்டு நிறுவனங்கள், சத்துணவு, இலவச பஸ் பாஸ், வெளிநாட்டு வாங்குவோரின் நெருக்கடி என்று எல்லாமும் சேர்ந்து, 2000-க்குப் பிறகு ஆலைகளில் குழந்தைகள் பெருமளவு குறைந்தார்கள். ஆலை முதலாளிகளின் குடும்பங்களும் கல்லூரிகள் கட்டின. சிவகாசியில் 1963-லேயே அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்துவிட்டது. கட்டை அடுக்கிய அம்மாவின் மகள் அங்கே டிகிரி வாங்குகிற காலமும் வந்தது.

*

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி. மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. உடம்பில் பருத்தித் துணி. இன்றைக்குக் கலந்த மருந்தை நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அறை வெடித்தாலும் அந்த ஓர் அறையோடு போகட்டும் என்பதுதான் இத்தனை விதிக்கும் அர்த்தம்.

விதி சரியாக இருக்கிறது. தீபாவளி நெருங்கும்போதுதான் அது தள்ளாட ஆரம்பிக்கும். ஆர்டர் குவியும். நாலு பேர் அறையில் எட்டுப் பேர். மரத்தடியில் வைத்து வேலை. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். அறைகளை ஆளாளுக்கு உள்குத்தகைக்கு விட்டிருப்பார்கள். பீஸ் ரேட் கூலி என்பதால், கை வேகமாகப் போனால்தான் காசு. வேகமும் வெடிமருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும்?

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தது. சத்தம் கேட்டு, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் கிராமத்து ஜனங்கள் ஓடினார்கள். அடுத்தடுத்த வெடிப்பு அவர்களையும் பிடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இன்னொன்று. இருபது பேருக்குக் குறையாமல் பலி. அந்த விசாரணையில் பெரிதாக அடிபட்ட வார்த்தையே 'உள்குத்தகை'தான். இவை பேப்பரில் முதல் பக்கத்துக்கு வந்தவை. ஒருவர், இருவர் என்று போகிற செய்திகள் உள் பக்கத்தில் வந்து உள் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

'அப்படியானால் தடை செய்துவிட வேண்டியதுதானே?' என்று நகரத்தில் இருக்கும் நாம் சுலபமாகக் கேட்டுவிடுவோம்.

2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் காற்று மாசு வழக்கில் தீர்ப்பு சொன்னது. பட்டாசுக்கு முழுத் தடை இல்லை. ஆனால், சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யலாம், வெடிக்க இரண்டு மணி நேரம்தான். பேரியம் எதற்கு என்கிறீர்களா? மத்தாப்பில் பச்சை நிறம் அதிலிருந்துதான் வரும். ஆக, பசுமைப் பட்டாசில் முதலில் அடிபட்டது பச்சை நிறம்! ஆலைக்காரர்கள், 'இப்படி எங்களால் செய்ய முடியாது' என்று அந்த நவம்பரில் கதவைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் பூட்டுத் தொங்கியது. அந்த மாதங்களில் முதலாளி நஷ்டப்பட்டார், உண்மைதான். தொழிலாளியோ நகையை அடகு வைத்தார், பிள்ளையின் ஃபீஸுக்குக் கடன் வாங்கினார். இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 சதவிகிதம் இந்த வட்டாரத்தில் உருவாவதாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தீர்ப்பின் நாலு வரி, பல லட்சம் அடுப்பைத் தொடும்.

பிறகு நாக்பூர் நீரி விஞ்ஞானிகளின் ஃபார்முலாவோடு பசுமைப் பட்டாசு வந்தது. தொழில் எழுந்து நின்றது. 2025 தீபாவளிக்கு டெல்லி வட்டாரத்தில்கூட நிபந்தனைகளோடு பசுமைப் பட்டாசுக்கு அனுமதி கிடைத்தது. தீப்பெட்டிக்கும் இப்படி ஒரு கண்டம் வந்து போனது. 2007-லிருந்து ஒரு ரூபாயாகவே இருந்த பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. சீன லைட்டர் கழுத்தை நெரித்தபோது, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது. அதே வருஷம் இந்த மாவட்டத்துக்கு ஒரு மெகா ஜவுளிப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது. வெடிமருந்தைத் தொடாமல் பிழைக்க ஒரு வழி வருமானால், அதைவிட நல்ல செய்தி அந்தக் கிராமங்களுக்கு வேறில்லை.

இன்னொரு செய்தி. 2018-ல் மத்திய அரசு, நாட்டில் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று அதற்கு நாகரிகமான பெயர். தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டு. ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று எது? ஆமாம், விருதுநகர்தான். குட்டி ஜப்பான் இருக்கிற மாவட்டம்!

ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மகமையின் பலமே, 'நம்ம ஆட்கள்' என்ற ஒரு வட்டத்தைப் போட்டுக்கொண்டு, அதற்குள் யாரையும் கைவிடாமல் இருந்ததுதான். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், யாரையும் நம்பாமல் தங்களை நம்பி எழுந்ததற்கு அந்த வட்டம் தேவைப்பட்டது. ஆனால், தொழில் வட்டத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. லாபம் தாண்டி வந்த அளவுக்கு மகமை தாண்டி வரவில்லை. மருந்து அறையில் உட்காரும் பெண்ணுக்கு விபத்து நடந்த பிறகு நிவாரணம் கிடைக்கிறது. நடப்பதற்கு முன்பு நாலு பேர் அறையில் நாலே பேர் இருப்பதற்கான செலவை யாரும் தனியாக எடுத்து வைப்பதில்லை.

அது முடியாத காரியமா? மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துப் பேட்டை கட்டிய ஊர், பட்டாசுப் பெட்டிக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்தால் போதும். அவசரமில்லாத கூலி, அளவான ஆள், தீக்காயத்துக்குப் பக்கத்திலேயே நல்ல வைத்தியம் - இதெல்லாம் வந்துவிடும். பெட்டிக்கு ஒரு ரூபாய் கூடினால் வாங்குகிற நாம் ஒன்றும் குறைந்துபோக மாட்டோம். எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை. விருதுநகரில் அந்த 1889-ம் வருஷப் பள்ளிக்கூடம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.